மூணாம் நம்பர் சுதி

கீழக்கழிக் காலனியில் பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகுவதற்கு முன்பே ஒரு பாடத்தைப் படித்துவிடும். சத்தம் நின்றால் மாடிக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். பெற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஓடிப் பழகியதுதான்.

சத்தம் என்றால் பம்புகளின் சத்தம். கடல் ஏறிய பிறகு உர ஆலையும் அதன் காலனியும் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுற்றிலும் கருங்கல் அணை. அடியில் கசிந்து வருகிற உப்புத் தண்ணீரையும் ஆலையின் கழிவுத் தண்ணீரையும் ஆறு பம்புகள் இரவும் பகலும் இறைத்து அணைக்கு அப்பால் கொட்டின. எல்லோரும் மூட்டை முடிச்சோடு மேட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். சம்பளமும் கூடவே மேட்டுக்கு வரும் என்று யாராவது உறுதி கொடுத்திருந்தால்.

ஆறு பம்புகளில் மூணாம் நம்பர்தான் கிழடு, குரலும் அதற்குத்தான் பெரிது. அந்தக் குரல் காதுக்குள் வந்ததைவிடத் தரை வழியாக வந்ததே அதிகம். கட்டில் காலில் ஏறி, முதுகில் ஏறி, பல்லில் வந்து நிற்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். காலனிச் சர்ச்சில் ஹார்மோனியத்துக்கு அதிக வேலை கிடையாது. பாடகர் குழுவின் தலைவர் கண்ணை மூடி மூணாம் நம்பரைக் கொஞ்ச நேரம் கேட்பார், கையை உயர்த்துவார், அந்தச் சுதியிலேயே எல்லோரும் எடுப்பார்கள். வெளியூர்ச் சபைகளுக்குப் பாடப் போனால் கீழக்கழிக்காரர்கள் பாவம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

பியூலா அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். கோடை மதியங்களில் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். தரைக்குள்ளிருந்து அந்த முனகல் வரும். அப்பா வேலையில் இருக்கிறார், அம்மா அடுக்களையில் இருக்கிறாள், தண்ணீர் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். உலகத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த காலம் அது. அப்புறம் எத்தனையோ வசதிகளைப் பார்த்துவிட்டாள், அந்த மதியங்களுக்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அடைமழை நாள் ஒன்றின் நண்பகலில் சத்தம் நின்றது. மின்சாரம் போய்விட்டது. மாற்று ஜெனரேட்டர் உயிர் பிடிக்கவில்லை. கைக்குழந்தையான தம்பி ஆசீரை அம்மா இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பியூலாவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். தண்ணீர் ஏறிய வேகத்தில் தெற்குத் தெருவில் சில வீடுகளில் ஆள் மிஞ்சவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகுதான் காலனி ஓடப் பழகியது.

படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பியூலா, ஆலைப் பம்புகள் தின்கிற மின்சாரத்தைக் குறைக்கும் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர் வரை வந்தாள். கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. மார்கழிக் குளிரிலும் தலைமாட்டில் கடகடவென்று ஒரு பழைய மேஜை விசிறி ஓட வேண்டும் அவளுக்கு. ஹாஸ்டல் நாளிலிருந்து கூடவே வருகிற விசிறி. கணவர் சாலமோன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “கடலோரத்துப் பொண்ணக் கட்டுனா இப்படித்தானுங்க” என்று யாரிடமோ முறையிடுவார்.

தன் வாழ்நாளின் சிறந்த வேலையை அவள் தன் ஊருக்குத்தான் செய்தாள். தானே கற்றுக்கொண்டு பம்புகளை ஓட்டும் ஒரு கட்டுப்பாட்டு மூளை. நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்தது. காலனி ஒரே வாரத்தில் அதற்குக் ‘கருமி’ என்று பெயர் வைத்துவிட்டது.

கருமி வந்ததும் பம்பு மின்சாரம் பாதிக்குக் கீழே இறங்கியது. ஆலையில் லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்றவர்களுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை.

*

கருமி வந்ததிலிருந்து ஓடாமல் கிடந்த மூணாம் நம்பரைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடலாமா என்று பார்த்துச் சொல்ல பியூலா கீழக்கழிக்கு வந்தபோது, ஆலை மேலாளர் சங்கரநயினார் முகம் கொடுத்தே பேசவில்லை.

“பம்புல மிச்சம் புடிச்சத எல்லாம் காலனி தின்னுட்டு மேடம்” என்றார். “குவாட்டர்ஸுக்குக் கரண்ட் ஃப்ரீயாக் குடுக்கோம்லா, அதான் கொழுப்பு. நேத்துவரைக்கும் இல்லாத செலவு, அதுவும் காலைல பத்து மணிக்கு மேல. அந்த நேரத்துல வீட்டுல அப்படி என்னதான் ஓட்டுதாங்க?”

“மீட்டர் வச்சுக் காசு வாங்குங்க சார்” என்றாள் பியூலா. உள்ளபடியே எரிச்சல்தான் அவளுக்கு. ராவும் பகலும் மண்டையை உடைத்து ஒவ்வொரு யூனிட்டாகச் சேர்த்தது, இங்கே ஓட்டைப் பானையில் ஊற்றியதாகிவிட்டதே.

“இன்னொண்ணும் இருக்கு. உங்க தம்பி ஆசீர்.” மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “மூணாவது ஷிப்டுல கிரேன் ஓட்டிக்கிட்டே கண் அசந்துட்டான். அந்தரத்துல தொங்குன மோட்டார் அதுபாட்டுக்கு நகர்ந்துட்டு. கீழ நின்ன ஃபிட்டர் சுடலைமணி விலகுனதால உசுரு தப்புச்சு. உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டேன். இந்த மாசக் கடைசில அவனுக்கு டாக்டர் பரிசோதனை. தேறலைன்னா கிரேன் வேலை கிடையாது. வேலை இல்லன்னா குவாட்டர்ஸும் கிடையாது. மனசுல வச்சுக்கோங்க.”

ஆசீருக்கு அந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. இரும்பைத் தூக்கி இம்மி பிசகாமல் இறக்குவதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

காலனிக்குள் நடந்தபோதே அவளுக்கு அந்த இரைச்சல் கேட்டது. முற்பகல் வெயிலில் வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகையும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஊரே சேர்ந்து இட்லிக் கடை போடப் போகிறதா என்ன?

அப்பா இருந்த அதே வீட்டில்தான் ஆசீர் இருந்தான். அங்கேயும் அதே கதை. அடுக்களையில் அல்ல, படுக்கையறை வாசலில், வெறுந்தரையில் கிரைண்டர். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. கல் மட்டும் கல்லோடு உரசிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

“மைனி, வேண்டாம்!” என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள் தம்பியின் மனைவி லிடியா.

அவள் வாய் மூடவில்லை, அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. ஆசீர் எழுந்து வந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தொட்டிலில் கிடந்த பெண்குழந்தையை ஒரே அள்ளாக அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காளை இடித்துத் தள்ளிவிட்டு, மாடிப்படியில் நாலுகால் பாய்ச்சலில் ஏறினான். மேலே மொட்டைமாடிக் கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அப்புறம் குழந்தை வீறிட்டது.

பியூலா மேலே போனபோது அவன் தண்ணீர்த் தொட்டியோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்தியது. மெல்ல மெல்ல அவனுக்குத் தன்னினைவு வந்தது.

“எப்பம்க்கா வந்த?” என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். கண்ணைச் சுற்றிக் கரிப்பிடித்த மாதிரி கறுத்திருந்தது.

இந்தத் தம்பிக்கு அந்த வெள்ளம் நினைவிருக்கவே வழியில்லை. அம்மா இடுப்பில் இருந்தவன். ஆனால் இதே தொட்டியோடு இதேபோல் ஒண்டி அம்மா உட்கார்ந்திருந்ததை பியூலா பார்த்திருக்கிறாள்.

“கிரைண்டர் ஓடுனா கொஞ்சம் கண்ணசருதுக்கா” என்றான் ஆசீர். “நின்னா முழிச்சிருதேன். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்து பகல்ல படுக்கவங்க பூராப் பேருக்கும் இதான் கதி.”

“பழைய சத்தத்தப் பதிஞ்சு வச்சிப் போன்ல போட்டுப் பாக்கலியாடே?”

“பாத்தோம். காதுக்குத்தான் கேக்குது. கட்டில் அதிரணும்லா? பொய்னு ஒடம்பு கண்டுபுடிச்சிருது.”

குழந்தையை வாங்கித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த லிடியாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. “முன்னாடி ஓடுன பம்புக்கு என்ன கேடு மைனி? அது பாட்டுக்குக் கெடந்து ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?”

“அதான் கேடு லிடியா” என்றாள் பியூலா. “தண்ணி கொஞ்சமா வந்தாலும் நெறைய வந்தாலும் அது முழு வேகத்துல ஓடும். வால்வப் பாதி மூடி வச்சிருப்பாவ. ஒரு கால் ஆக்சிலேட்டர அமுக்க, மறுகால் பிரேக்க மிதிக்க, அப்படியே காலம் பூரா வண்டி ஓட்டுன மாதிரி. கருமி அப்படிச் செய்யாது. தண்ணிய அணைக்குள்ள இருக்க ஏரியில சேத்து வச்சிக்கிடும். கடல் வத்துற நேரம் பாத்து எறைக்கும். அப்பம் ஏத்த வேண்டிய உயரம் கம்மி. மத்த நேரம் மெதுவா ஓடும், இல்லன்னா நின்னுரும்.”

“நின்னுரும்” என்று லிடியா திருப்பிச் சொன்னாள். “நீயும் இந்த ஊர்ல பொறந்தவதான மைனி? பம்பு நின்னுரும்னு எப்படி அவ்வளவு லேசாச் சொல்லுத?”

கணக்குப் போட்டபோது பியூலா தண்ணீரைக் கணக்கில் சேர்த்தாள், அலையைச் சேர்த்தாள், மழையைச் சேர்த்தாள். தரையில் கன்னம் வைத்துப் படுத்த அந்தச் சிறுமியைச் சேர்க்கவில்லை. அந்தச் சத்தத்தை அவ்வளவு நேசித்தவளே அதை வீண்செலவு என்று அடித்துவிட்டாளே. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

*

“சத்தத்துக்காக ஒரு பம்பை ஓட்டணுமா?” சங்கரநயினார் சிரித்தேவிட்டார். அவர் வீடு டவுனில், மேட்டில். அவருக்குப் படுத்தால் தூக்கம். “மேடம், பாதிக்கு மேல மிச்சம்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்ததே நீங்கதான். இப்பம் தாலாட்டுப் பாட ஒரு பம்பு வேணும்னு நான் எப்படி எழுத? என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“கருமி கேட்டா?”

“என்ன?”

“அந்தப் பம்பு ஓடணும்னு கருமியே முடிவு பண்ணினா தடுப்பீங்களா சார்?”

“அது சொன்னா மறுக்க நான் யாரு? ஆனா அது எப்படிச் சொல்லும்? அதுதான் கஞ்சப் பய ஆச்சே.”

“கஞ்சப் பயதான். ஆனா இதுவரைக்கும் பம்பு ரூம் சுவரோட அதோட உலகம் முடிஞ்சிருது. சுவருக்கு உள்ள கொறைச்சாப் போதும்னு நான்தான் எல்லை போட்டேன். காலனியோட மின்சாரத்தையும் அதோட கணக்குல சேத்துருவோம். மொத்தத்துல கொறைன்னு மட்டும் சொல்லுவோம். எப்படிக் கொறைக்கணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் மூணாம் நம்பரக் கழத்தாதீங்க, அது போதும்.”

காலனியின் செலவைக் கருமியே அடக்கிவிடும் என்றால் தனக்கென்ன நஷ்டம் என்று மேலாளர் யோசித்திருக்க வேண்டும். சரி என்றார்.

அடுத்த சில நாட்கள் பியூலா தம்பி வீட்டிலேயே தங்கினாள். கருமி எதையெதையோ செய்து பார்த்தது. ஒன்றாம் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டும், நிறுத்தும். ஐந்தாம் பம்பை வேகமாக்கும், குறைக்கும். ஒவ்வொரு தடவை ஏதாவது நிற்கும்போதும் காலனி ஓடிப் படியேறியது. முன்னைவிட மோசமாயிற்று. ஆசீர் உட்கார்ந்தபடியே தூங்கினான், சோற்றில் கை வைத்தபடியே தூங்கினான், ஆனால் படுத்தால் விழித்துக்கொண்டான். தெருவில் போனால் பெண்கள் பியூலாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தானே உட்கார்ந்து கருமியிடம் சொல்லிவிடலாமா என்று அவளுக்குக் கை துடித்தது. சொன்னால் அது அவள் முடிவு, மேலாளர் மறுநாளே அழித்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல். லிடியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பியூலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படுக்கையறை வாசலில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அலமாரியில் ஒரு டம்ளர் பக்கத்து டம்ளரோடு ஏதோ முணுமுணுத்தது.

லிடியா நறுக்குவதை நிறுத்தினாள்.

அப்புறம் அது வந்தது. தரைக்குள்ளிருந்து, உள்ளங்கால் வழியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது மூணாம் நம்பர். பியூலாவின் கையில் தேங்காய் மூடி அப்படியே நின்றது. பல்லில் அந்தப் பழைய கூச்சம் ஏறியது. அவள் எழுந்து போய், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல், சிமெண்டுத் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்பா வேலையில் இருந்தார். அம்மா அடுக்களையில் இருந்தாள். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும், அந்தச் சில நிமிஷம் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கித் தரையை நனைத்தது.

லிடியா பூனை நடை நடந்து போய்க் கிரைண்டரை அணைத்தாள். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறைப்பக்கம் பார்த்தார்கள். ஆசீர் புரண்டுகூடப் படுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நின்றது. எதிர்வீட்டுக் கிரைண்டர் நின்றது. தெரு நெடுக ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயிற்று.

மத்தியானம் சங்கரநயினார் போன் செய்தார். “மேடம், உங்க கருமிக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு. மூணாம் நம்பர ஓட்டிக்கிட்டுக் கெடக்கு. வெளிய ஒரு வாளித் தண்ணி போகல. பம்பு ரூம் தொட்டித் தண்ணியவே எடுத்துத் திரும்ப அந்தத் தொட்டியிலேயே விடுது.”

“மொத்தக் கணக்க ஒரு தடவ பாருங்க சார்.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “கொறஞ்சிருக்கு” என்றார் நம்ப முடியாமல். “காலனி செலவு அப்படியே படுத்துட்டு. ஆமா, இதுக்குத் தூக்கம்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாது சார். மூணாம் நம்பர் ஓடுனா காலனில எல்லாம் அணையுதுன்னு மட்டும்தான் தெரியும்.”

ஆசீர் அன்று அந்தி சாயும்வரை தூங்கினான். பரிசோதனையில் தேறினான். மேலிடம் மேலாளரைப் பாராட்டியது. மூணாம் நம்பர் இரும்புக் கடைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குழுத் தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தியபோது, பாட வேண்டியவர்களில் பாதிப் பேர் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியில்தான் சேர்ந்துகொண்டார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பியூலா நினைத்திருந்தாள்.

*

சில வருஷம் கழித்து, சர்ச்சின் அசனப் பண்டிகைக்கு பியூலா மறுபடி வந்தாள். ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். சோற்றின் ஆவியும் ஆட்டுக்கறிக் குழம்பின் மணமும் பந்தலைத் தூக்கிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்கு முன்பு பாடகர் குழு எழுந்து நின்றது. தலைவர் கண்ணை மூடினார், கேட்டார், கையை உயர்த்தினார்.

பாட்டு சரியாகத்தான் இருந்தது. ஒரு குரலும் பிசகவில்லை. ஆனால் பியூலாவின் பல் கூசவில்லை. அவளும் கூடவே பாட வாயெடுத்தாள். சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு. அவள் குரல் மட்டும் எல்லோருக்கும் மேலே தனியாகப் போய் நின்றது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சுதி இறங்கியிருந்தது.

பம்பு அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கருமி யார் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு நாளும் ஒரே செலவில் திருப்திப்படாத ஜென்மம். மூணாம் நம்பரின் வேகத்தை ஓர் இழை குறைத்துப் பார்த்திருக்கும். கிரைண்டர் ஓடவில்லை. கொஞ்ச நாள் விட்டு இன்னோர் இழை. யாராவது விழித்தால் ஒரு படி பின்வாங்கியிருக்கும். தூளியை ஆட்டுகிற கை, பிள்ளை உறங்க உறங்க வேகத்தைக் குறைப்பது போல, வருஷக்கணக்காகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்தவள் காதுக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆசீரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் காலைத் தரையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

“அப்படியாக்கா? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலியே.”

“இப்படியே போனா ஒரு நாள் ஒண்ணுமே இருக்காதுடே. நீங்க பாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருப்பீங்க. அப்புறம் ஒருநாள் நெசமாவே பம்பு நின்னா? எவன் எந்திரிச்சு ஓடுவான்?”

“அதுக்கு ஆலைச் சங்கு இருக்குலா. பேட்டரில ஊதும். மாசா மாசம் ஊதிப் பாக்காவ. பள்ளிக்கூடத்துலயும் பிள்ளையள வரிசையா மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்குதாவ.” ஆசீர் பந்தலைப் பார்த்தான். “அவளப் பாரேன்.”

பந்தலின் ஓரத்தில் அடுக்கிய பாய்களின் மேல் அவன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று அவன் அள்ளிக்கொண்டு ஓடிய அதே பிள்ளை. பக்கத்தில் சமையல்காரர்கள் அண்டாவை உருட்டினார்கள், அசையவில்லை. உருட்டி முடித்துச் சட்டென்று எல்லாம் அமைதியாயிற்று. அதற்கும் அசையவில்லை.

“சத்தம் நின்னா ஓடணும்னு அவளுக்குத் தெரியும்க்கா” என்றான் ஆசீர். “ஆனா அவ ஒடம்புக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டுமே. நாம பட்டது போதாதா?”

கருமியின் எல்லையை பியூலா நினைத்தால் அன்றைக்கே மாற்றியிருக்கலாம். இதற்குமேல் இறங்காதே என்று ஒரு கோடு போட்டிருக்கலாம். தன் குழந்தைப்பருவத்தின் ஒரே சாட்சி அந்தச் சத்தம். அது தேய்ந்துகொண்டிருக்கிறது. தேயட்டும் என்று விடுவதற்கு அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விட்டாள். போகிற வழியில் பம்பு அறைக் கதவைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது ஞாயிறு மதியம். சாலமோன் கூடத்தில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பியூலா அறைக்குள் போய்ப் படுத்தாள். வழக்கப்படி கை தானாகவே தலைமாட்டு விசிறியின் பொத்தானுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தினாள். அந்தச் சின்னப் பிள்ளை தூங்குகிறது. ஆசீர் தூங்குகிறான். தெற்குத் தெருவே தூங்குகிறது. நமக்கு மட்டும் என்ன வந்தது?

விசிறியைப் போடாமல் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்த்தது. கால் கட்டிலிலிருந்து தானாக இறங்கித் தரையைத் தொட்டது. மாடிப்படி எந்தப் பக்கம் என்று கண் தேடியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாம் மாடியில் இருக்கிறோம், இதற்கு மேல் எங்கே ஓடுவது என்று அவளே அவளிடம் சொல்லிப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை.

கருமி ஒவ்வோர் இழையாகக் குறைத்து ஊரையே தேற்றிவிட்டது. அதன் எல்லைக்குள் இருந்தவர்களை. ஊரை விட்டு வந்தவள் அந்தக் கணக்கில் இல்லை.

அவள் எழுந்து விசிறியைப் போட்டாள். கடகடவென்று அது சுற்றத் தொடங்கியதும், பேப்பருக்கு அடியிலிருந்து சாலமோனின் குரல் வந்தது.

“வந்தாச்சுங்களா?”

“வந்துட்டேன்” என்றாள் பியூலா. விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.